வகுப்பறையே ஆய்வுக்களம்

கேள்வி: 15 ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்துவிட்டேன். முதுகல்விமாணி (M.Ed.) படிப்பால் என் வகுப்பறைக்குப் பயன் உண்டா?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: நிச்சயமாக உண்டு. பதவி உயர்வுக்கான சான்றிதழாக மட்டும் அதைக் கருதிவிடாதீர்கள். அனுபவமிக்க ஆசிரியருக்கு அப்படிப்பில் மிகப் பெறுமதியானது செயல்நிலை ஆய்வே என்பது என் உறுதியான கருத்து. ஆறாம் தரத்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் உங்களிடம் இருப்பின், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துவைத்து, கற்பிக்கும் முறையை மாற்றி, விளைவைக் கண்டறிந்து, அதற்கேற்ப அடுத்த படியைத் திட்டமிடுவதே அவ்வாய்வு. சமூக உளவியலாளர் கேர்ட் லெவின் 1946இல் விளக்கிய சுழற்சியும் இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் முதுகல்விமாணிக் கற்கையை நடத்துகின்றன. விண்ணப்பிக்கும் முன் வகுப்புகள் எந்த நாள்களில், எங்கே நடைபெறும் என்று கேட்டறியுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் போய்வருபவருக்கு அது சிறிய விடயமன்று. பிள்ளைகள் வாசிப்பில் தடுமாறும் இடங்களைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டை இந்தத் தவணையிலேயே எழுதத் தொடங்குங்கள்.