அக்கரை மடலுக்கு இக்கரைப் பதில்

எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவில் பாதிப் பேர் மின்னஞ்சல் குழுவில் கதைக்கிறார்கள், மீதிப் பேர் இணையக் களத்தில் (ஃபோரம்). இரண்டையும் இணைக்கும் வேலை தொடங்கி ஆறு கிழமை ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை உவர்மலையில் கூடியபோது கேட்டவற்றுக்கும், பிறகு எழுதி வந்தவற்றுக்கும் இங்கே பதில். இருபது வருடமாக அஞ்சல் சேவையகங்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கோணேசபுரி வளாக மாணவர்: அக்கா, எல்லாரும் களத்துக்கே வந்துவிட்டால் என்ன? இந்தக் காலத்தில் யார் மின்னஞ்சலில் மென்பொருள் எழுதுகிறார்கள்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவை (கெர்னல்) எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள், தம்பி. ஒரு வரி நிரல் மாற்றம் என்றாலும் அதை வெறும் எழுத்தாக மடலில் வைத்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அந்த மடலுக்கே பதில் எழுதி, வரிக்கு வரி பிழை பிடிப்பார்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, கிட் சென்ட்-ஈமெயில். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் ஒவ்வொரு பிழைப் பதிவுக்கும் அதன் எண்ணிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. குச்சவெளிப் பக்கம் சிக்னல் ஒரு கோடு காட்டும்போதும் மடல் இறங்கிவிடும், பதிலை எழுதி வைத்துவிட்டு சிக்னல் வந்ததும் அனுப்பலாம். களத்தின் வசதி வேறு: புதிதாக வருகிறவர் சேருவதற்கு முன்பே எல்லாவற்றையும் வாசித்துப் பார்க்கலாம். யாரையும் இடம் மாற்றச் சொல்லாமல் செய்வதால்தான் இந்த இணைப்பு வேலை இவ்வளவு கடினம்.

சீனன்குடா, மென்பொருள் பொறியியலாளர்: களத்தில் நான் எழுதும் பதில், மின்னஞ்சல்காரர்களுக்குப் புதுத் தலைப்பாகப் போய் விழுகிறதாம். என் ஜிமெயிலில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. பிழை யாரில்?

பிழை எங்கள் இணைப்பில், அதாவது களத்தையும் மின்னஞ்சலையும் இணைக்கும் நிரலில். ஜிமெயில் உங்களுக்கு அதை மறைத்துவிட்டது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம். மூட்டையை ஏற்றினால் மட்டும் போதாது, யாருடையது என்று அதில் ஒரு துண்டு கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்கரையில் அது அநாதை. மடலுக்கு அந்தத் துண்டுதான் மெசேஜ்-ஐடி. ஒவ்வொரு மடலுக்கும் தனி ஐடி, உலகத்தில் வேறு எந்த மடலுக்கும் அது வராது. நீங்கள் பதில் எழுதும்போது உங்கள் மெயில் செயலி, மூல மடலின் ஐடியை ‘இன்-ரிப்ளை-டு’ என்ற ஹெடரில், அதாவது மடலோடு கூடவே போகும் தகவல் வரியில், எழுதும். ‘ரெஃபரன்சஸ்’ என்ற ஹெடரில் மூல மடல், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பரம்பரையே இருக்கும்.

களத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதற்குத் தெரிந்தது ‘தலைப்பு 41, பதிவு 7’ என்ற வரிசை எண்தான். ஆகவே இணைப்பிடம் ஓர் அட்டவணை இருக்க வேண்டும்: இந்தப் பதிவு எண்ணுக்கு இந்த மெசேஜ்-ஐடி. நீங்கள் ஏழாம் பதிவுக்குப் பதில் எழுதினால், இணைப்பு அதன் ஐடியைத் தேடி எடுத்து இன்-ரிப்ளை-டுவில் வைத்து அனுப்ப வேண்டும். மறுபக்கத்திலிருந்து மடல் வந்தால் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். எங்கள் இணைப்பு ஐடியைக் கொடுத்தது, அட்டவணையிலும் எழுதியது. பிறகும் ஏன் குழம்பியது?

தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் கன்ட்ரோல்-யு அழுத்தி, வந்து சேர்ந்த மடலின் மூலத்தைப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த ஐடியே அதில் இல்லை! இடையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த அனுப்பும் சேவை, தன் ஐடியை அதன் இடத்தில் எழுதிவிட்டிருந்தது. சில சேவைகள் அப்படித்தான். அட்டவணையில் ஒரு பெயர், உலகத்தில் வேறு பெயர். சேவை திருப்பித் தரும் ஐடியை அட்டவணையில் ஏற்றிய பிறகு சரியாகிவிட்டது. ஆகவே அனுப்பியதைப் பார்த்துத் திருப்திப்படாமல், வந்து சேர்ந்ததைப் பாருங்கள்.

இன்னொன்று. சிலவேளை பதில் முதலில் வந்து, கேள்வி பத்து நிமிடம் பிந்தி வரும். அப்போது பதிலைத் தூக்கி எறியக் கூடாது, புதுத் தலைப்பாகவும் போடக் கூடாது. ரெஃபரன்சஸில் இருக்கும் ஐடிக்கு ஒரு வெற்றிடத்தை விட்டு, பதிலை அதன் கீழே தொங்கவிட வேண்டும். நெட்ஸ்கேப் மெயில் காலத்தில் நிரலாளர் ஜேமி ஸவின்ஸ்கி எழுதிய, கேள்வியையும் பதில்களையும் ஒரே இழையாகக் கோர்க்கும் முறையும் இதுதான், இன்றைக்கும் அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

மூதூர், கணினி நிலையம் நடத்துபவர்: இணைப்பு சுற்றிச் சுற்றி மடல் அனுப்புமா? அப்படி நடந்தால் என்ன செய்வது?

நடக்கும். எனக்கு நடந்தது. முன்பு ஒரு சிறு குழுவுக்கு இப்படி ஒன்றை நானே எழுதி, வெள்ளி இரவு இயக்கிவிட்டுப் படுத்தேன். உறுப்பினர் ஒருவர் விடுமுறையில், ‘திங்கள் வருவேன்’ என்ற தானியங்கிப் பதிலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அது களத்தில் பதிவானது. களம் அதை மடலாக எல்லாருக்கும் அனுப்பியது, அவருக்கும் சேர்த்து. அவருடைய கணினி மரியாதையாக அதற்கும் பதில் எழுதியது. விடியும்போது எல்லாருடைய பெட்டியிலும் ‘திங்கள் வருவேன்’ ஆயிரக்கணக்கில். திங்கள் வந்த மனுசன் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

மருந்து மூன்று. ‘ஆட்டோ-சப்மிட்டட்’ ஹெடர் உள்ள மடலைக் களத்தில் ஏற்றாதீர்கள், ஒழுங்கான தானியங்கிகள் அதைப் போட்டே அனுப்பும். இணைப்பு தான் அனுப்பும் ஒவ்வொன்றிலும் தன் முத்திரையை ஒரு ஹெடராகப் போட வேண்டும், அந்த முத்திரையோடு திரும்பி வருவதைத் தொடக் கூடாது. ஒருமுறை கண்ட மெசேஜ்-ஐடியை இரண்டாம் முறை ஏற்கக் கூடாது. அப்புறம், வெள்ளி இரவில் எதையும் இயக்காதீர்கள்.

உப்புவெளி, மாணவி: களத்தில் நான் எழுதியது மடலாகப் போகும்போது என் பெயர் இருக்கிறது, முகவரி குழுவினுடையதாக இருக்கிறது. ஏன் மிஸ்?

வேண்டுமென்றுதான், தங்கச்சி. உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு எங்கள் சேவையகம் மடல் அனுப்பினால், மற்றவர்களின் அஞ்சல் சேவைகள் அதை மோசடி என்று நினைக்கும். ஜிமெயில் முகவரி, ஆனால் வந்தது வேறு வாசலால். டிமார்க் என்ற விதி இதைத்தான் பார்க்கிறது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு இந்த விதியை இறுக்கி, ஒத்துவராத மடலை நிராகரிக்கச் சொன்னது. உலகம் முழுக்க மின்னஞ்சல் குழுக்கள் தடுமாறின. யாஹூக்காரர் ஒருவர் குழுவுக்கு எழுத, மற்றவர்களின் சேவைகள் அதைத் திருப்பி அனுப்ப, குழு மென்பொருள் அவர்களுடைய முகவரிதான் செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்தியது. எழுதியவர் ஒருவர், வெளியே போனவர்கள் வேறு பேர். அன்றிலிருந்து பல குழுக்கள் ‘இன்னார், குழு வழியாக’ என்றே அனுப்புகின்றன. அழகில்லைதான். ஆனால் மடல் போய்ச் சேருகிறது.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற அதிபர்: தமிழில் தலைப்பு வைத்தால் சிலருக்குக் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாகத் தெரிகிறதாம். பாமினி எழுத்துருக் காலம் போய்விட்டது என்று நினைத்தேன்.

பாமினி காலம் போய்விட்டது சேர், இது வேறு வருத்தம். மடலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளுக்காகவே வகுத்தது, தமிழை வேடமிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ‘திருகோணமலை’ என்று வையுங்கள். நாங்கள் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ண 10. கணினி அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒன்றுக்கு மூன்று பைட், ஆக 30. ஒவ்வொரு பைட்டையும் சமக்குறி போட்டு எழுதும் முறையில் ஒன்றுக்கு மூன்று இடம், 90 ஆகிவிடும். விதிப்படி ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ஊர்ப் பெயர் ஒரு துண்டுக்குள் அடங்காது, சேர்! இரண்டாக வெட்ட வேண்டும், ஆனால் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டக் கூடாது. 1996இன் விதியிலேயே இது இருக்கிறது. எங்கள் இணைப்பு பார்க்காமல் நடுவில் வெட்டியது. அதைவிடச் சிக்கனமான பேஸ்64 முறைக்கு மாற்றினேன், அதில் 40 இடம்தான் பிடிக்கும். நீளமான தலைப்பை எழுத்து எல்லை பார்த்து வெட்டவும் சொல்லிக்கொடுத்தேன்.

கிண்ணியா, ஆசிரியர்: எங்கள் வாட்ஸ்அப் குழுவையும் இதோடு இணைத்துவிடலாமே தங்கச்சி?

வேண்டாம் நானா. அங்கே எழுதுகிறவர் அறைக்குள் கதைப்பதாக நினைத்து எழுதுகிறார், அவருடைய போன் இலக்கமும் கூடவே வரும். இங்கே எழுதுவது பொதுவில் கிடக்கும்.

நிலாவெளி, உறுப்பினர்: களத்தில் திருத்திய பதிவு மடலில் திருந்துமா?

திருந்தாது. போன மடல் போனதுதான். அதனால் களத்துப் பதிவு ஐந்து நிமிடம் காத்திருந்தே மடலாகப் போகும்படி வைத்திருக்கிறேன், எழுத்துப்பிழை பார்ப்பவர்களுக்கு அது போதும். அதற்குப் பிறகு கருத்தையே மாற்றுவதானால் புதுப் பதிலாக எழுதுங்கள்.

அதே உறுப்பினர்: பழைய மடல்கள் எல்லாம் களத்துக்கு வந்துவிட்டன. இனி மின்னஞ்சல் குழுவின் காப்பகத்தை மூடினால் சேவையக வாடகை மிச்சம் அல்லவா?

அதை மட்டும் கேட்காதீர்கள். யாஹூ குழுமங்களில் எத்தனை தமிழ்க் குழுக்கள் இருந்தன! சேமித்து வைத்த மடல்களை 2019இல் நீக்கப்போவதாக அறிவித்தார்கள், 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடினார்கள். கையில் பிரதி வைத்திருந்தவர்களிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. களம் தரவுத்தளத்தில் இருக்கிறது, அந்த மென்பொருள் ஓடாவிட்டால் அதை வாசிப்பது பெரும்பாடு. மடல் காப்பகம் எம்பாக்ஸ் என்ற வெறும் எழுத்துக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கும். முழுவதும் சுருக்கி வைத்தால் ஒரு பென் டிரைவில் கால்வாசிகூட வராது. ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பென் டிரைவ் கொண்டுவந்தால் உங்களுக்கும் போட்டுத் தருகிறேன்.