வீட்டு சர்வரில் டிஸ்க் திணறுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, நான்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் முறை) இணைத்துச் சேமிப்பு சர்வராகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு டிஸ்க் பழுதானதால் அண்மையில் புதியது ஒன்றை மாற்றினேன். அதன் பிறகு பெரிய கோப்புகளை அனுப்பும்போது முதல் 60 ஜிபி வரை நொடிக்கு 110 எம்பி வேகத்தில் செல்கிறது. பிறகு 20 எம்பிக்கு இறங்கி, சில வேளைகளில் அப்படியே நின்றுவிடுகிறது. இரவு முழுவதும் சும்மா விட்டால் காலையில் பழைய வேகம் திரும்பிவிடுகிறது. படிக்கும்போது எந்தக் குறையும் இல்லை. நெட்வொர்க்கைச் சந்தேகிக்கலாமா?

பதில்: நெட்வொர்க்கை விட்டுவிடலாம். கேபிளோ சுவிட்ச்சோ கெட்டிருந்தால் முதல் கோப்பிலிருந்தே வேகம் குறைந்திருக்கும். 60 ஜிபி கடந்ததும் படுத்துவிடுவதும், ஓய்வுக்குப் பின் தேறி எழுவதும் அவற்றின் இயல்பல்ல. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடுவதும் இத்தகைய தோற்றத்தைத் தரும் என்றாலும், வீட்டு சர்வரில் உள்ள ரேமுக்கு அந்தச் சாயம் சில ஜிபியிலேயே வெளுத்துவிடும். அப்படியானால் இவ்வளவு தரவை வாங்கி விழுங்கிய இடம் வேறு எங்கோ இருக்க வேண்டும். நான்கு டிஸ்க் ரெய்டு 5இல் 60 ஜிபி எழுதினால், பேரிட்டியையும் (பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கு) சேர்த்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏறத்தாழ 20 ஜிபி விழும். நீங்கள் புதிதாக மாற்றியது எஸ்எம்ஆர் வகை டிஸ்க் என்றே இந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது.

ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் முனை அகலமானது. படிக்கும் முனை குறுகலானது. வழக்கமான சிஎம்ஆர் டிஸ்க்கில் ட்ராக்குகள் (தரவு எழுதப்படும் வட்டப் பாதைகள்) ஒன்றையொன்று தொடாமல், எழுதும் முனையின் அகலத்துக்கு ஏற்ப இடம்விட்டு அமைந்திருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில், கூரை ஓடுகளைப் போல, ஒரு ட்ராக்கின் விளிம்பின் மேல் அடுத்த ட்ராக் ஏறி நிற்கும். படிப்பதற்குக் குறுகிய பட்டை போதும் என்பதால் அதே தட்டில் கூடுதல் தரவை அடைக்க முடிகிறது. ஆனால் நடுவில் உள்ள ஒரு ட்ராக்கைத் திருத்த முற்பட்டால் அதன் மேல் ஏறி நிற்கும் அடுத்த ட்ராக்கும் அழியும். ஆகையால் அந்தத் தொகுதி முழுவதையும் படித்து, திருத்தி, மறுபடியும் வரிசையாக எழுதியாக வேண்டும். இந்தச் சுமையை மறைப்பதற்காக டிஸ்க்கின் ஒரு பகுதியை இடைத்தங்கலாக ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே எழுதி, வேலையில்லாத நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும் ஏற்பாட்டை அதன் உள்மென்பொருளே செய்துகொள்கிறது. அந்த இடைத்தங்கல் நிரம்பிவிட்டால், புதியதை வாங்குவதும் பழையதை இடம் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் 20 எம்பியும், நின்றுபோவதும், இரவில் நடக்கும் மீட்சியும் இதன் விளைவுகள்தான். ரெய்டில் ஒரு டிஸ்க் தாமதித்தால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குகளின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை விரிவான அட்டவணையுடன் ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்குமாறு ஓடவிட்டு, வேகம் விழும் தருணத்துக்காகக் காத்திருங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி வரும். அதில் எழுதுவதற்கான சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் கடைசிப் பத்தியில் உள்ள பயன்பாட்டு விழுக்காட்டையும் மட்டும் பார்த்தால் போதும். மூன்று டிஸ்க்குகள் சில மில்லிவிநாடிகளோடு சும்மா இருக்க, ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிகளோடு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால், குற்றவாளி அதுதான். பெட்டியைத் திறந்து வரிசை எண்ணை ஒப்பிட்டு, அது புதிய டிஸ்க்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுழலும் டிஸ்க் ஒன்று எச்டிபார்ம் கட்டளை தரும் விவரப் பட்டியலில் ‘ட்ரிம்’ வசதி (அழித்த தரவின் இடத்தை டிஸ்க்குக்குத் தெரிவிப்பது) உண்டு என்று காட்டினால் அதுவும் எஸ்எம்ஆருக்கு வலுவான அடையாளம். காட்டாவிட்டால் எஸ்எம்ஆர் அல்ல என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வாங்கும்போது இது உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது வாங்குவோருக்குத் தெரிவிக்கப்படாமலே விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்து பெரும் சர்ச்சையானது. அதன் பிறகே உற்பத்தியாளர்கள் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டார்கள். எனவே விற்பனைப் பெயரை நம்பாமல், முழு மாடல் எண்ணை உற்பத்தியாளரின் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். திருப்பித் தர வாய்ப்பிருந்தால் தந்துவிட்டு சிஎம்ஆர் டிஸ்க் வாங்குவதே என் பரிந்துரை. இல்லையென்றால் இதை ரெய்டிலிருந்து எடுத்து, ஒருமுறை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது படிக்கும் காப்புப் பிரதிகளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு இது மோசமான டிஸ்க் அல்ல.

கேள்வி: எந்தக் கோப்பை அனுப்பினாலும் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போவதில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டும் அதே 11 எம்பிதான்.

பதில்: எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பதற்கு முன் எழுதியிருக்கலாம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, தரவை அனுப்புவதற்கான மேற்செலவு போக மிஞ்சுவது உங்கள் 11. உங்கள் இணைப்பு கிகாபிட்டில் ஓடவில்லை. நெட்வொர்க் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளை அதை ஒரே வரியில் சொல்லிவிடும். கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். எனவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறாமல் சத்தமின்றிக் கீழே இறங்கிவிடும். கேபிளை மாற்றுங்கள். மாறாவிட்டால் சுவிட்ச்சின் போர்ட்டைப் பாருங்கள்.

கேள்வி: வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் படம் பார்க்கும்போது சில நேரங்களில் அரை நிமிடம் வரை எல்லாம் உறைந்துவிடுகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனை ‘தேர்ச்சி’ என்றே சொல்கிறது.

பதில்: நெடுநேரம் தொடாமல் இருந்த டிஸ்க்கைத் தொடும்போது மட்டும் பத்து விநாடி போல் தாமதித்தால், அது உறக்கத்திலிருந்து எழுந்து சுழலத் தொடங்கும் நேரம்; கவலை வேண்டாம். படத்தின் நடுவே அரை நிமிடம் உறைவது வேறு.

‘தேர்ச்சி’ என்ற சொல்லுக்கு, உற்பத்தியாளர் வகுத்த எல்லையை எந்த அளவீடும் இன்னும் தாண்டவில்லை என்பதற்கு மேல் பொருளில்லை. முழுப் பட்டியலை எடுத்து, 5, 197, 199 ஆகிய எண்களைப் பாருங்கள். 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் சிதைந்து, மறுபடியும் அனுப்பப்பட்ட தரவின் கணக்கு. பெரும்பாலும் சாட்டா கேபிளின் கோளாறு. இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதால், அதைக் குறித்துவைத்துக்கொண்டு கேபிளை மாற்றி, மேலும் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். 197 சுழியமாக இல்லாவிட்டால், படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு தரவுத் துண்டுகள்) இருக்கின்றன என்று பொருள்: வேறெதையும் நோண்டுவதற்கு முன் காப்புப் பிரதி எடுங்கள். 5 ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. அது வாராவாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

உறைவு அரை நிமிடம் நீள்வதற்கும் காரணம் உண்டு. படிக்க முடியாத செக்டரைச் சாதாரண மேசைக்கணினி டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலலாம்; லினக்ஸோ இயல்பாக 30 விநாடி பொறுத்துவிட்டு இணைப்பையே மீளத் தொடங்கும். சர்வருக்கென விற்கப்படும் டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைத் தெரிவித்துவிடும். ரெய்டு அந்தத் துண்டை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுத் தந்துவிடும். உங்கள் டிஸ்க் அனுமதித்தால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மூலம் இந்த எல்லையை 7 விநாடியாக அமைக்கலாம். மின்சாரம் நின்றால் பல டிஸ்க்குகள் அதை மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக இயங்குமாறு வைக்க வேண்டும். அனுமதிக்காவிட்டால் லினக்ஸின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துங்கள். உறைவு நீளும், ஆனால் ரெய்டிலிருந்து டிஸ்க் தேவையின்றி வெளியேற்றப்படாது.

இன்னொன்று: டிஸ்க்குகளைத் தளர்வாகத் தொங்கவிட்டிருந்தால் திருகுகளை முடுக்குங்கள். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தியே தாமத வரைபடத்தை எகிறவைத்துக் காட்டினார். அதிர்வு அவ்வளவு உறுத்தும்.

கேள்வி: டெபியன் லினக்ஸ் சர்வர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுவதும் மந்தமாக இருக்கிறது.

பதில்: அது முதல் ஞாயிறாகத்தான் இருக்கும். லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டிஆட்ம் நிர்வகிக்கும் ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலையை டெபியன் அந்த நாளுக்கென்று இயல்பாகவே வைத்திருக்கிறது. அதை நிறுத்திவிடாதீர்கள், ஒரு டிஸ்க் பழுதாகும் நாளில் இன்னொன்றில் ஒளிந்திருக்கும் படிக்க முடியாத செக்டர் வெளிப்படுவதைவிட இப்போதே தெரிவது மேல். இடையூறாக இருந்தால் ஒத்திசைவு வேகத்தின் உச்சவரம்பைக் குறைத்துவிடுங்கள். சரிபார்ப்பு முடியக் கூடுதல் நேரம் பிடிக்கும்.