பஸ் நின்றால்: பணிப்பகிஷ்கரிப்பைச் சட்டத்தால் கட்டலாமா?

தொழில் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து, இப்போது ஓய்வு பெற்றுக் கல்லடியில் இருக்கிறேன். பஸ், கோச்சி (ரயில்) ஊழியர்களின் பகிஷ்கரிப்பை அரசாங்கம் கட்டுப்படுத்துவது சரியா என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து பலர் கேட்டிருந்தீர்கள். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதைத் தடுக்கலாம். நிறுத்துவதையே தடுக்கக்கூடாது.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, ஒரு தாய்): சேர், மகன் உயர்தரப் பரீட்சைக்குப் போகவேண்டிய நாளில் பஸ் இல்லை. ஆட்டோவுக்குக் கேட்ட காசில் எங்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு ஓடும். இது உரிமையா, அநியாயமா? ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?

பதில்: அநியாயம்தான் தங்கச்சி. ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் முதலாளியின் பையில் ஓட்டை விழும், அவர் பேச வருவார். அரச பஸ் நின்றால் முதலாளியான அரசாங்கத்துக்கு அன்றைக்கு டீசல் மிச்சம். அடி விழுவது பஸ்ஸைத் தவிர வேறு வழியில்லாத ஆளுக்கு. முடிவெடுக்கிறவர்கள் யாரும் பஸ் தரிப்பில் நிற்பதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பலமான நியாயம் இதுதான். இதை ஏற்காத சங்கக்காரரோடு நான் வாதாடியிருக்கிறேன்.

ஆனால் முழுத் தடை என்று வந்தால் வேறொன்றையும் யோசியுங்கள். தேய்ந்த டயரோடு ஓடமாட்டோம், பதினாறு மணித்தியாலம் ஓடிய சாரதியை மறுபடி ஏற்றாதே என்பதும் சங்கங்கள் கேட்கிற கேள்விகள்தான். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத சாரதியின் பஸ்ஸில்தான் உங்கள் மகனும் ஏறவேண்டும். பத்து நாளைக்கு முன்பே திகதி தெரிந்திருந்தால் பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டிருப்பீர்கள். அந்தப் பத்து நாளைத்தான் சட்டம் உங்களுக்கு வாங்கித் தரவேண்டும். பரீட்சை நாட்களைச் சங்கங்கள் தாங்களாகவே விலக்கி வைத்தால் இன்னும் நல்லது. அதற்குச் சட்டம் தேவையில்லை, கொஞ்சம் மனச்சாட்சி போதும்.

கேள்வி (ஒலுவில், பல்கலைக்கழக மாணவன்): வேலைநிறுத்தம் செய்ய நம் சட்டத்தில் உரிமை இருக்கிறதா?

பதில்: நேராக எழுதிய வரி இல்லை. அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை சங்கம் அமைக்கவும் சேரவும் சுதந்திரம் தருகிறது. 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில்தான் விசயமே இருக்கிறது. அமைச்சர் ‘அத்தியாவசியக் கைத்தொழில்’ என்று கட்டளையிட்ட இடத்தில் வேலைநிறுத்தம் செய்வதென்றால் 21 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதாவது முன்னறிவித்தல் என்பது நாம் வெளிநாட்டிலிருந்து இறக்கவேண்டிய சரக்கு அல்ல. எழுபது வருடத்துக்கு மேலாக நம் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது.

இதில் ஒரு கோணல் உண்டு, தம்பி. அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. புகையிரதம் ஒரு திணைக்களம், ஆகவே அது வெளியே. இபோச, அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபை, ஒரு சபை, ஆகவே உள்ளே. பயணிக்கு இரண்டும் ஒன்று, சட்டத்துக்கு இரண்டும் இரண்டு சாதி.

கேள்வி (வாழைச்சேனை): வர்த்தமானியில் அத்தியாவசிய சேவை என்று போட்டாலும் கோச்சி வருவதில்லையே, ஏன்?

பதில்: வர்த்தமானிக்குக் கோச்சி ஓட்டத் தெரியாது.

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி கட்டளை போட்டால், வேலைக்கு வராமல் நிற்பது குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று கண்டால் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை கடூழியச் சிறை, அல்லது 2,000 முதல் 5,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000 ரூபா அன்றைக்குப் பெரிய காசு, இன்றைக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கவே இழுபறி. சிறையோ மறு பக்கம் மிகவும் அதிகம். ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு வருடக் கடூழியம் என்றால், போடுகிறவருக்கே கை நடுங்கும். பாவிக்க முடியாத தண்டனை பயமுறுத்தாது.

2019ஐப் பாருங்கள். அந்த வருடம் புகையிரத சேவையை அத்தியாவசிய சேவையாக அறிவித்தார்கள். அதே வருடம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிய பகிஷ்கரிப்பு பத்து நாளுக்கு மேல் நீண்டது. இயந்திர சாரதியை உள்ளே போட்டுவிட்டு மட்டக்களப்புக்கு வரும் உதயதேவிக் கோச்சியை யார் கொண்டுவருவது? ரோட்டில் போகிறவனைக் கூப்பிட்டு ஏற்றமுடியாது.

தண்டனை உண்மையில் விழுந்த வருடம் 1980. ஜூலை வேலைநிறுத்தத்தில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டார்கள். ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்து, சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. நான் கந்தோருக்குப் புதிதாகப் போனபோது, அதில் வேலை இழந்த ஒருவர் வாசலில் மனு எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். அவரிடம்தான் நான் மனு எழுதவே பழகினேன். தொழிற்சங்கங்கள் எழும்பப் பல வருடம் எடுத்தது. ஆனால் பஸ்ஸோ கோச்சியோ அதற்குப் பிறகு நேரத்துக்கு வந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கேள்வி (கல்முனை, தனியார் பஸ் உரிமையாளர்): நாங்கள் நிறுத்தினாலும் இதே சட்டம்தானா?

பதில்: இல்லை நானா. 1979இன் சட்டம் திணைக்களம், கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம், கூட்டுறவுச் சங்கம் இவற்றின் சேவைக்குத்தான். உண்மையைச் சொன்னால் நீங்கள் செய்வது வேலைநிறுத்தமே அல்ல, கடையடைப்பு. டீசல் விலைக்காகக் கட்டணம் கூட்டக் கேட்டு உரிமையாளர் பஸ்ஸை நிறுத்தும்போது சாரதியும் கொண்டக்டரும் அன்றைய நாட்கூலியை இழக்கிறார்கள். அவர்களிடம் கேட்டா நிறுத்தினீர்கள்? ஒரு வழித்தடத்தை உங்களுக்கென்று எழுதித் தந்திருக்கிறார்கள், அதில் ஓடுவது உங்கள் கடமை. ஓடாவிட்டால் அனுமதிப்பத்திரத்தில் கை வைப்பது நியாயம். தொழிலாளிக்குச் சிறை, உரிமையாளருக்கு ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

கேள்வி (அக்கரைப்பற்று): மற்ற நாடுகளில் எப்படி?

பதில்: இத்தாலி எனக்குப் பிடித்த உதாரணம். 1990இல் வந்த 146ஆம் இலக்கச் சட்டப்படி முன்னறிவித்தல் கட்டாயம். பகிஷ்கரிப்பு நாளிலும் காலையும் மாலையும் சில மணித்தியாலம் வண்டி ஓடியே ஆகவேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் போகிற ஆள் போய்விடும், நடுப்பகலில் எல்லாம் நிற்கும். பிரான்சில் 2007இன் சட்டம் வேறு மாதிரி. ஒவ்வொரு ஊழியரும் 48 மணித்தியாலத்துக்கு முன் ‘நான் சேருகிறேன்’ என்று சொல்லவேண்டும். எத்தனை வண்டி ஓடும் என்று பயணிக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

பிரித்தானியாவில் 2023இல் குறைந்தபட்ச சேவைச் சட்டம் கொண்டுவந்து, ரயிலுக்கு வழமையான அட்டவணையில் 40 வீதம் என்று வைத்தார்கள். கம்பனிகளே அதைப் பாவிக்கத் தயங்கின. பிறகு அரசாங்கம் மாறி, சட்டத்தையும் நீக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு ஒரே மூச்சில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் அளவில் அரச ஊழியரை நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டிவந்தது.

கேள்வி (பெயரும் டிப்போவும் வேண்டாம், நான் ஒரு கொண்டக்டர்): ஐயா, மேலதிக நேரக் காசு மாதக்கணக்கில் நிலுவை. கடிதம் போட்டோம், பதிலில்லை. 21 நாள் அறிவித்தால் அந்த 21 நாளும் எங்களை இடம் மாற்றுவதற்குத்தான் உதவும். சொல்லாமல் நிறுத்தினால் மூன்று மணித்தியாலத்தில் தொலைபேசி வருகிறது. நாங்கள் என்ன செய்ய?

பதில்: வந்த கேள்விகளில் கனமானது இதுதான் மகன். நான் வேலையில் இருந்தபோதும் இதற்கு நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை. ஒரு தடவை ஒரு டிப்போப் பிணக்கில் நான் மூன்று முறை கூட்டத்துக்கு அழைத்தேன். நிர்வாகம் மூன்று முறையும் வரவில்லை. நான்காம் நாள் காலை பஸ்ஸெல்லாம் நின்றது. பத்து மணிக்கு நிர்வாகம் என் மேசைக்கு முன்னால் இருந்தது! அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமல் நின்றவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டது? யாருமில்லை.

ஆகவே தொழிலாளி மட்டும் அறிவிக்கவேண்டும், காத்திருக்கவேண்டும் என்கிற சட்டம் அரைச் சட்டம். அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் நிர்வாகம் பேச வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் மிச்ச நாள் காத்திருக்கும் கடமை உங்களுக்கு இல்லாமல் போகவேண்டும். அறிவித்தலில் கையெழுத்துப் போட்டவரை அந்தக் காலத்தில் இடம் மாற்றக்கூடாது. நிலுவைச் சம்பளம் போல் கணக்குப் பார்த்தால் தீர்கிற விசயத்தை நடுத்தீர்ப்பாளர் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நிறுத்தும் உரிமையைச் சுருக்குகிறாய் என்றால் அதற்குப் பதிலாக வேகமான வழி ஒன்றைத் திறந்துவிடு. சர்வதேச தொழில் தாபனத்தின் குழுக்களும் பல பத்தாண்டாக இதைத்தான் சொல்கின்றன. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய அதன் 87ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

அதுவரைக்கும் என்ன செய்வது என்றால், எழுத்தில் அறிவியுங்கள், பிரதியைப் பஸ் தரிப்பிலும் ஒட்டுங்கள். பயணி உங்கள் பக்கம் திரும்புவது இடமாற்றத்தை விடப் பெரிய காவல்.

கேள்வி (செங்கலடி): பஸ்ஸை ஓட்டி, காசு மட்டும் வாங்காமல் விட்டால்?

பதில்: ஜப்பானில் ஒகயாமாவில் 2018இல் பஸ் சாரதிகள் அதைச் செய்தார்கள். பயணி சிரித்தார், கம்பனி முழித்தது. இங்கே செய்தால் வருமானத்தை இழக்கச் செய்தாய் என்று கொண்டக்டர் மேல் நேரே ஒழுக்காற்று விசாரணை வரும். ஒரு சங்கத் தலைவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். “சேர், எங்கள் ஆட்களுக்குப் பேர் வரும், வேலை போகும்” என்றார்.

கேள்வி (மண்டூர், ஆசிரியை): எங்கள் பக்கம் பஸ்ஸே குறைவு. குறுமண்வெளிப் பாதையில் (மிதவைப் படகில்) ஆற்றைக் கடந்துதான் பலர் வேலைக்கு வருகிறோம். பாதைக்காரர் நிறுத்தினால் அதுவும் உரிமையா?

பதில்: மகள், பஸ் நின்றால் ஆட்டோ, சைக்கிள், நடை என்று ஏதோ ஒன்று இருக்கும். பாதை நின்றால் நடுவில் ஆறு இருக்கிறது. பொதுவாகப் போக்குவரத்தை உயிர்காக்கும் சேவையோடு சேர்க்கக்கூடாது என்பதுதான் சர்வதேச தொழில் தாபனத்தின் நிலை. வைத்தியசாலை, தண்ணீர், மின்சாரம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பஸ் இல்லை. ஆனால் தீவில் இருக்கும் சனத்துக்குப் படகுச் சேவை நின்றால் வரும் கஷ்டத்தைப் பார்த்து, அங்கே குறைந்தபட்ச சேவையைப் பேசி ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே தாபனம் ஏற்றிருக்கிறது. மண்டூர் தீவு இல்லைதான். வெள்ள காலத்தில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. காலை ஆறு முதல் எட்டு, பின்னேரம் ஒன்று முதல் மூன்று, நோயாளி வந்தால் எந்நேரமும் என்று ஓட்டுகிறவர்களோடு இப்போதே உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு எழுத யாரும் வரமாட்டார்கள்.