22-ஆம் மாதம் கேட்டேன், 26-ஆம் மாதம் கைவிரித்தார்கள்: கேரவன் பேட்டரிக்கு வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கோத்தகிரி பக்கம் சொந்த வீடு, ஒரு ஏக்கர் தேயிலை. பணிக்கொடைப் பணத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கேரவனாக மாற்றினேன். ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்காக 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி இரண்டை அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் பில் போட்டது, இரண்டும் 35,000 ரூபாய், 48 மாத வாரண்டி. 2025 மே மாதம் மசினகுடி போனபோது ராத்திரி பத்து மணிக்கே ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. ஜூனில் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "நல்லா சார்ஜ் போட்டுப் பாருங்க சார்" என்றார்கள். மழை தொடங்கியதால் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டேன். தீபாவளிக்கு எடுத்தால் இரண்டு பேட்டரியும் செத்துக் கிடக்கின்றன. இப்போது கேட்டால், "இலவச மாற்றுக்காலம் முடிந்துவிட்டது, லித்தியத்துக்கு மாறுங்கள், 1,10,000 ரூபாய், கார்டில் இ.எம்.ஐ. போடலாம், 12,000 கட்டினால் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் உண்டு" என்கிறார்கள். என்ன செய்யட்டும்? வண்டி இன்ஷூரன்ஸில் கேட்க முடியுமா? வருடத்துக்கு 35 இரவுகள் பயன்படுத்துகிறோம். தெரிந்தவர்களுக்கு எப்போதாவது வாடகைக்கும் கொடுப்பதுண்டு.

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய வாரண்டி அட்டைப் படத்தில் 48 பெரிதாக இருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 24+24. முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் புதிய பேட்டரி. அடுத்த 24 மாதத்துக்கு ப்ரோ-ரேட்டா, அதாவது எம்.ஆர்.பி.யில் ஒரு பங்கு தள்ளுபடி, அவ்வளவுதான். இந்தத் தள்ளுபடிக்கு ரூபாயில் என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். உங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனையே எடுத்துக்கொள்வோம். எம்.ஆர்.பி. 22,000, தள்ளுபடி 30 சதவீதம், நீங்கள் கட்ட வேண்டியது 15,400. பழைய பேட்டரி கம்பெனிக்குப் போய்விடும். அதே பேட்டரியைக் கடையில் எம்.ஆர்.பி.க்கு யாரும் வாங்குவதில்லை. கடை விலை 17,500. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 3,500 கழியும் என்று உங்கள் ஊர்க் கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக 14,000. வாரண்டியில் வாங்குவதைவிட வாரண்டியே இல்லாமல் வாங்கினால் 1,400 ரூபாய் மிச்சம்!

அதனால் ப்ரோ-ரேட்டாவுக்காக யாரிடமும் மல்லுக்கட்ட வேண்டாம். பிடிக்க வேண்டியது அந்த ஜூன் மாத வாட்ஸ்அப்பை. ஜூன் என்பது 22-ஆம் மாதம், இலவச மாற்றுக்காலத்துக்குள்தான் நீங்கள் புகார் சொல்லியிருக்கிறீர்கள். பரிசோதித்துப் பார்க்காமல் "சார்ஜ் போட்டுப் பாருங்க" என்று அனுப்பியது அவர்கள். அவர்கள் நாளைக் கடத்தியதற்கு நீங்கள் ஏன் 35,000 கொடுக்க வேண்டும்? அந்தச் செய்தியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்றைக்கே உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். ஃபோன் தொலைந்தால் ஆதாரமும் தொலையும்.

ஆனால் இரண்டு பேட்டரிக்கும் ஒரே வாதம் செல்லாது. கோத்தகிரி மெக்கானிக் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த ஹைட்ரோமீட்டர் கணக்கை, அதாவது ஒவ்வொரு செல்லிலும் உள்ள அமிலத்தின் அடர்த்தியை, படத்தில் பார்த்தேன். சார்ஜ் இறங்கினால் இந்த எண்ணும் இறங்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். முதல் பேட்டரியில் ஐந்து செல் 1220-க்குப் பக்கத்தில் நிற்கிறது, நாலாவது மட்டும் 1100. இரண்டாவது பேட்டரியில் ஆறுமே 1120 சுற்றுவட்டாரம். சர்வீஸ்காரர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் கோளாறு. ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால், "நீங்கள் காலி பண்ணி அப்படியே போட்டு வைத்தீர்கள்" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் தப்பென்று சொல்லவும் முடியாது.

ஏனென்றால் மழைக்காலம் முழுக்க இன்வெர்ட்டரை அணைத்தீர்களா என்று கேட்டேன், "ஞாபகம் இல்லை" என்றீர்கள். எந்த சாமானும் ஓடாமல் சும்மா ஆனில் இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் நாளைக்கு 24 ஏ.எச். போகும். உங்களிடம் இருப்பது மொத்தம் 300. பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். பிறகு அக்டோபர் வரை காலியாகவே கிடந்தால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதற்கப்புறம் எந்தச் சார்ஜரும் அதை எழுப்பாது.

இதிலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. இரண்டு பேட்டரியும் பேரலலாக (பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு) இணைந்தவை. ஒன்றில் ஒரு செல் கெட்டால் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஜூனிலேயே கெட்டதைக் கழற்றியிருந்தால் நல்லது பிழைத்திருக்கும் என்று எழுதுங்கள். ஆனால் கணக்கில் முதல் பேட்டரியை மட்டும் வரவாக வையுங்கள். இரண்டாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொரு கண்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் "வீட்டு இன்வெர்ட்டர் உபயோகத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி. வண்டியில் வைத்ததால் வாரண்டி ரத்து என்று கம்பெனி சொல்லலாம். அந்த இடத்தில் உங்களைக் காப்பது பட்டறையின் பில். அதில் "கேரவன் ஃபிட்டிங்" என்றே போட்டிருக்கிறார்கள். எதற்கென்று தெரிந்தே விற்று, அவர்கள் கையாலேயே பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே கம்பெனி, பட்டறை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடிதம் போடுங்கள். (என் ஸ்கூட்டர் பேட்டரிக்கு ஒரு முறை, அட்டையில் கடை முத்திரை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சொன்னவர் அந்த முத்திரையைப் போடாமல் விட்ட அதே கடைக்காரர்தான்.)

கடிதத்துக்கு 15 நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் கோயம்புத்தூரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே ஒரு பேட்டரிக்கு இவ்வளவு தூரமா என்றால், கடிதத்துக்கும் 1915-க்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆணையத்தை மனசுக்குப் பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் உங்கள் கடைசி வரி எனக்கு உறுத்துகிறது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுகிறீர்கள்! வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஓய்வூதியம் வாங்கும் உங்களுக்கு அந்த விலக்கைக் கேட்பது கஷ்டம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உங்கள் வாடகை மெசேஜ் ஒன்று கிடைத்தால் போதும். பேட்டரி விஷயத்தை விடுங்கள், வாடகை ஓட்டத்தில் பர்லியார் பக்கம் ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும். வருடத்துக்கு எட்டாயிரமோ பத்தாயிரமோ வருகிறது என்று இதைச் செய்யாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கேட்டீர்கள். செத்த பேட்டரிக்கு ஒரு பைசா வராது. தேய்மானமும் மின்கோளாறும் மோட்டார் பாலிசியில் விலக்கு. விபத்தில் நசுங்கினால்கூட பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஆனால் பிற்பாடு பொருத்திய சோலார் தகடு, இன்வெர்ட்டர் போன்றவற்றைத் தனியாக அறிவித்து, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால் அவை விபத்துக்காவது உள்ளே வரும். உங்கள் பாலிசியில் அந்த வரியைக் காணோம். அடுத்த புதுப்பித்தலில் சேருங்கள்.

இனி லித்தியம். 1,10,000 ரூபாயை உங்கள் கார்டு சொல்லும் 16 சதவீதத்தில் 24 மாதம் கட்டினால், மாதம் சுமார் 5,386. வட்டி மட்டும் 19,260 ஆகிறது, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்னொரு 3,470. மொத்தம் 1,32,700-க்கு மேல். பத்து வருடம் உழைக்கிறது என்றே வைத்தாலும், 35 இரவுக்குப் பிரித்தால் ஒரு இரவுக்கு 379 ரூபாய். டியூபுலரை ஒழுங்காக வைத்துக்கொண்டால் நாலு வருடம் வரும். 35,000-இல் பழையதற்கு 7,000 கழித்தால் 28,000, இரவுக்கு 200 ரூபாய். இதுவரை நீங்கள் வைத்துக்கொண்ட மாதிரி 26 மாதத்தில் தொலைத்தால் இரவுக்கு 369. கிட்டத்தட்ட லித்தியம் விலைக்கே டியூபுலரை ஓட்டியிருக்கிறீர்கள், பட்டறைக்காரர் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். வருடத்துக்கு நூறு இரவுக்கு மேல் வண்டியிலேயே இருப்பவருக்கு நானே லித்தியம் சொல்வேன். அப்போதும் கடனில் வேண்டாம் என்பேன். மேலும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல் வெள்ளையாக உறைந்திருக்கும் காலையில் உங்கள் சோலார் வேலை செய்யாமல் நிற்கும். கெட்டுப்போய்விட்டதென்று பதறுவீர்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டவே வேண்டாம். அந்தத் தாளின் விலக்குப் பட்டியலில் நாலாவது வரி: "பேட்டரி, பல்பு, ஃபியூஸ் நீங்கலாக." இந்த மூன்றும் நீங்கலாக அந்த வண்டியில் வேறு எது அடிக்கடி கெடும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள், வண்டி ஷெட்டுக்குள் போனதும் அதைத் திருப்பிவிடுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ், டிஸ்டில்டு வாட்டர். மாதம் 600 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போட்டால் 48 மாதத்தில் 28,800 அசலே சேர்ந்துவிடும், அடுத்த ஜோடிக்கு அது போதும். இந்த முறைக்குச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தையே எடுங்கள். முதல் பேட்டரிக்கு மாற்று பேட்டரி கிடைத்துவிட்டால், பழையதைக் கொடுத்து 14,000-க்கு இரண்டாவதை மட்டும் வாங்கினால் போதும்.

கோயம்புத்தூர் கிளம்பும் முன் இரண்டு பேட்டரியின் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு விட்டால், ஒவ்வொரு செல்லின் அளவையும் எழுதிய ஜாப் கார்டு கையில் வராமல் அங்கிருந்து நகராதீர்கள்.