கம்போஸ்ட் டீ: ஊறவைக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: அக்கா, கம்போஸ்டை (மக்கிய உரத்தை) தண்ணீரில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றும் கம்போஸ்ட் டீ செய்ய, ஒரு வாளிக்கு எவ்வளவு கம்போஸ்ட் போட வேண்டும்?

பதில்: பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் டப்பா நிறைய போதும். அதைவிட, அது நன்றாக மக்கியதா என்று பாருங்கள். ஒரு பிடி அள்ளி மோந்தால் மழை நனைத்த மண் வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ அடித்தால் குவியலிலேயே இன்னும் கிடக்கட்டும். பழைய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி ஊறவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பது நனையக்கூட நனையாது.

கேள்வி: குழாய்த் தண்ணீர் சரிப்படுமா?

பதில்: நுண்ணுயிர்களைக் கொல்லும் குளோரின் கலந்த தண்ணீர் என்றால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சில ஊர்களில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படி எளிதில் போகாது. மழைநீர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: வெல்லம் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகும் என்கிறார்களே?

பதில்: பெருகும்தான். ஆனால் சாணம் கலந்த கம்போஸ்டில் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அவையும் சேர்ந்து பெருகும். நான் போடுவதில்லை. வாளிக்குள் காற்று போக, மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரை 24 மணி நேரம் ஓடவிடுகிறேன், அவ்வளவுதான். மோட்டார் இல்லையா? ஒரு குச்சியால் அவ்வப்போது கலக்கி, சில மணி நேரத்தில் வடிகட்டி ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: நான்கு நாள் மூடி வைத்தேன், சாக்கடை நாற்றம். வீணாக்க மனமில்லை, செடிக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். காற்றில்லாமல் அழுகிவிட்டது. எனக்கும் ஒருமுறை இரவில் மின்சாரம் போய், காலையில் பார்த்தால் நுரை அடங்கி அழுகிய முட்டை நாற்றம். கம்போஸ்ட் குவியல் மேலேயே கொட்டிவிட்டேன். நல்ல டீயைக்கூட மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து வைப்பதெல்லாம் கூடாது.

கேள்வி: கீரை மேல் தெளிக்கலாமா?

பதில்: பச்சையாகச் சாப்பிடும் எதன் மேலும் தெளிக்காதீர்கள். வேரில் ஊற்றுங்கள்.

கேள்வி: ரோஜா இலையில் சாம்பல் நோய். டீ தெளித்தால் போகுமா?

பதில்: ஆய்வுகளிலேயே ஒன்றில் பலன், இன்னொன்றில் ஒன்றுமில்லை. நம்பி உட்கார்ந்திருக்காமல் நோய் பிடித்த இலைகளைக் கிள்ளி எறிந்து, செடிக்குள் காற்றோட்டம் கிடைக்குமாறு கிளைகளைக் கொஞ்சம் கழியுங்கள்.

கேள்வி: அப்போ இது மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. இதில் சத்து கொஞ்சம்தான் கரைந்து வரும். கம்போஸ்ட் தாராளமாக இருந்தால் தொட்டி மண் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவும் டீதான், வாளி கழுவும் வேலை மிச்சம்!