மகன் ஃபுல் ஃப்ரேம் கேட்கிறானா? முதலில் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள்

அண்ணாச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். விஸ்காம் முடித்த மகன் ஃபுல் ஃப்ரேம் கேமரா, அதாவது படம் பதிகிற சென்சார் பெரிதாக உள்ள கேமரா, இல்லாமல் இந்தக் கல்யாணப் போட்டோ தொழிலில் நிற்க முடியாது என்கிறான், வீட்டில் சங்கிலியை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் ஆசை வீண் ஆசை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சங்கிலி இப்போதைக்குக் கழுத்திலேயே இருக்கட்டும்.

அவனிடம் இருப்பது கேனன் 200டி மார்க் 2 கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ், ஒரு 55-250, தனியாக வாங்கிய 50 எம்எம் 1.8. சரி, இன்றைக்கு ராத்திரி அவன் வந்ததும் மூன்று லென்ஸையும் கழற்றி மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், மாட்டுகிற பக்கத்து வளையத்தின் ஓரத்தில் ஒரு அடையாளம் இருக்கும். 18-55, 55-250 இரண்டிலும் அது வெள்ளைச் சதுரம், 50-இல் சிவப்புப் புள்ளி. வெள்ளைச் சதுரம் போட்டது இஎஃப்-எஸ் வகை, அவன் கேமராவில் இருப்பது போன்ற சின்ன சென்சாருக்கு, க்ராப் சென்சார் என்பார்கள், அதற்கென்றே செய்தது. சிவப்புப் புள்ளி இஎஃப் வகை, க்ராப், ஃபுல் ஃப்ரேம் இரண்டு பாடியிலும் முழுசாக வேலை செய்யும். அதாவது நீங்கள் ஏற்கெனவே காசு போட்டு வாங்கிய மூன்றில் ஒன்றுதான் ஃபுல் ஃப்ரேமுக்கு முழுசாகத் துணை வரும். பாடிக்கு மட்டும் விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறான் என்றால் பாதிக் கணக்கோடுதான் வந்திருக்கிறான்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். அவன் கேமராவில் இருப்பது சுமார் 22க்கு 15. பழைய 6டி மார்க் 2 மாதிரி ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை) செகண்ட் ஹேண்டில் எடுத்தால் வெள்ளைச் சதுரம் போட்ட அந்த இரண்டு லென்ஸும் மாட்டவே மாட்டாது. கேனன் ஆர்8 மாதிரி ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத புது வகை) எடுத்து, நடுவில் இணைப்பு வளையமான அடாப்டர் போட்டால் மாட்டும், ஆனால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 மெகாபிக்சல் கிட்டத்தட்ட 9 ஆகிவிடும். ஏ4 பிரிண்டுக்கு 9 போதும். கல்யாண ஆல்பம் அப்படி இல்லை, 12க்கு 36 அங்குலம் விரித்துப் போடுகிற பக்கத்தில் ஒரே படத்தை முழுசாக வைத்தால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் பிக்சல்தான் வரும். இப்போது கையில் இருக்கிற 200டி-யே அதே இடத்தில் 166 கொடுக்கும். பெரிய காசு போட்டு, பழைய லென்ஸோடு, இருப்பதைவிடக் குறைவான படத்தை வாங்குவதில் என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

அந்த 50-ம் கூட மாறிவிடும். க்ராப்பில் அது 80 எம்எம் பார்வை தருகிறது, மேடைக்குக் கீழே நின்றே பெண்ணின் முகத்தைத் தனியாகப் பிடிக்கலாம். ஃபுல் ஃப்ரேமில் அதே முகத்துக்கு மேடை ஏறி வீடியோக்காரர் ஃப்ரேமுக்குள் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு 85 வாங்க வேண்டும்.

இனி அவன் பக்க நியாயம். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் பாதி விளக்குதான் எரியும், ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறன் அளவை, 6400-க்கு ஏற்றினால் க்ராப்பில் மணல் மணலாக வருகிறது என்பான். உண்மைதான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் பரப்பளவில் இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது, அதே ஷட்டர் வேகத்திலும் அப்பர்ச்சரிலும் (லென்ஸின் திறப்பு) அவ்வளவு மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கும். ஆனால் அவன் கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு வந்த 18-55, 55-இல் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்). அதை எடுத்துவிட்டு 17-55 எஃப் 2.8 போட்டால் வெளிச்சம் நான்கு மடங்கு. பாடியை மாற்றுவதால் கிடைப்பதைவிட லென்ஸை மாற்றினால் கிடைப்பது அதிகம், செலவும் குறைவு. இதைத்தான் அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாண வேலைக்கு நான் முக்கியமாகப் பார்ப்பது இரட்டைக் கார்டு ஸ்லாட். ஒரு கார்டு போனால் தாலி கட்டியது மறுபடி நடக்காது. 200டி-யில் ஒன்று, ஆர்8-லும் ஒன்றுதான். கேனன் ஆர்7 க்ராப் பாடிதான், ஆனால் 32 மெகாபிக்சல், இரண்டு ஸ்லாட், பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசேஷன், அடாப்டர் போட்டால் மூன்று லென்ஸும் குறையில்லாமல் வேலை செய்யும். இன்றைய நிலைக்கு பாடி மாற்றியே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். கூந்தன்குளம் போய்ப் பறவை எடுக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தால் இன்னும் நல்லது, 55-250 க்ராப்பில் 400 எம்எம் பார்வை தரும்.

ஃபுல் ஃப்ரேம் எப்போது வாங்கலாம்? ஸ்டூடியோவுக்குப் போய் நாள் சம்பளம் வாங்குவது நின்று, சொந்த ஆர்டர் வரத் தொடங்கியதும். அதுவரை பெரிய முகூர்த்தத்துக்கு பாடியையும் 24-70 எஃப் 2.8-ஐயும் நாள் வாடகைக்கு எடுக்கட்டும், திருநெல்வேலியில் கிடைக்காவிட்டால் மதுரையில் கிடைக்கும். இடையில் வாங்குகிற லென்ஸ் இஎஃப் 85 எம்எம் 1.8 மாதிரி இரண்டு பாடிக்கும் பொருந்துவதாக இருந்தால் பின்னால் மாறும்போது நஷ்டம் குறையும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆர்டர் நிற்கிற மாதத்திலும் தவணை நிற்காது. அதனால் பன்னிரண்டு மாதத் தவணையை ஒன்பது மாத வருமானத்தில் கட்ட முடியுமா என்று பேப்பரில் அவனையே எழுதச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினான் என்றால் நகை அடகுக்கு முன் வங்கியில் முத்ரா கடன், அதாவது மத்திய அரசுத் திட்டத்தில் சிறுதொழிலுக்குத் தருகிற கடன், கேளுங்கள், ஷிஷு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, அடமானம் தேவையில்லை.

சினிமா ஒளிப்பதிவுக்குப் போக வேண்டும் என்பதும் அவன் மனதில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே சேரச் சொந்தமாக ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்க வேண்டியதில்லை, படம் பார்க்கத் தெரிய வேண்டும், வெளிச்சம் தெரிய வேண்டும். தம்பி இதைப் படித்தால் அவனுக்கு ஒன்று: ஃபிலிம் காலத்திலிருந்து சினிமாவில் புழங்குகிற சூப்பர் 35 அளவு, உன் க்ராப் சென்சாருக்குத்தான் பக்கத்தில் வரும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ரத வீதியில் நின்று அந்த 50-ஐ மட்டும் மாட்டி எடுத்துப் பார், பத்துப் படம் தேறினால் எனக்கு அனுப்பு.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், பாடி என்றால் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று, கேளுங்கள். புதுசாக வாங்கினால் பில்லை மகன் பெயரிலேயே போடச் சொல்லுங்கள் அண்ணாச்சி, பின்னால் கடனுக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்தத் தாள்தான் கேட்பார்கள்.