கருவுக்கு எவ்வளவு ஊட்டம், எப்போது ஊட்டம்?

கேள்வி: வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் உருவாக்கும் பன்றிக் கருக்களில் பெரும்பாலானவை பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்றும், அவை வளரும் திரவத்தைத் திருத்தினால் தேறும் என்றும் கால்நடை மருத்துவம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். சத்துகளைக் கூடுதலாகச் சேர்த்தால் போதாதா, ஐயா? எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் பயன் உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தங்கள் மகள் சொல்வது சரியே. ஆனால் கூட்டிக் கொடுப்பதால் மட்டும் கரு தேறுவதில்லை. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிறவர்கள், முளை வேர்பிடிக்கும் முன்பே யூரியாவை அள்ளி வீசுவதில்லை அல்லவா? கருவுக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். முதல் இரண்டு நாள்கள் அது குளுக்கோஸைப் பெரிதாக நாடாமல், பைருவேட், லாக்டேட் என்னும் எளிய ஆற்றல் பொருள்களிலிருந்தே ஆற்றல் பெறுகிறது. நான்கு செல் நிலையில்தான், முட்டையில் தாய் சேமித்து வைத்ததை நம்பியிருந்த கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. ஊட்டம் பொருந்தாதவை பல அந்த இடத்திலேயே தேங்கிவிடுகின்றன.

1993இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான என்சிஎஸ்யு-23 என்னும் ஊடகம் (கரு வளரும் திரவம்) குளுக்கோஸோடு டாரின், ஹைப்போடாரின் என்னும் அமினோ அமிலம் போன்ற பொருள்களையும் கொண்டிருந்தது. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பன்றியின் கருக்குழாய் நீரில் உள்ள பொருள்களின் அளவையே வழிகாட்டியாகக் கொண்டு, குளுக்கோஸே இல்லாத பிஇசட்எம்-3 ஊடகத்தை வகுத்தார்கள். தாயின் உடலையே கேட்டு எழுதிய பட்டியல் என்பதால், எனக்கு இதன் மீது தனி மதிப்பு உண்டு. பின்னர் மிசூரி பல்கலைக்கழகத்தார் அதில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைக் கூட்டியபோது பிளாஸ்டோசிஸ்ட் நிலையை, அதாவது உள்ளே நீர் நிறைந்த பந்தாகக் கரு விரியும் நிலையை, எட்டிய கருக்கள் அதிகரித்தன.

நுண்ணோக்கியில் பன்றியின் சினைமுட்டை புகை படிந்த கண்ணாடி மணி போலக் கறுத்துத் தெரியும். உள்ளே அவ்வளவு கொழுப்பு. ஊடகத்தை எண்ணெய்க்கு அடியில் சிறு சொட்டாக வைத்துக் கருவை வளர்க்கிறார்கள். காற்றில் சுமார் 20 விழுக்காடாக உள்ள ஆக்ஸிஜனை அங்கே 5 விழுக்காட்டுக்குக் குறைப்பது, அந்தக் கொழுப்பும் கருவும் ஆக்ஸிஜனேற்றத்தால் சேதமாவதைத் தவிர்ப்பதற்காகவே.

பண்ணைக்கான பயன் உடனே வந்துவிடாது. உயிருள்ள பன்றிக்குப் பதிலாகக் கருவையே கொண்டுசென்றால் நோய் பரவும் அபாயம் குறையும். 2020இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தலைகாட்டியதை நினைத்தால், இதன் அருமை விளங்கும். ஆனால் அதே கொழுப்பின் காரணமாகப் பன்றிக் கருவை உறைய வைத்துக் காப்பது கடினம். இப்போதைக்குச் செயற்கை முறைக் கருவூட்டல் பற்றி திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

ஆய்வகத்தில் கருவுக்கு வேண்டிய 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை இம்மி பிசகாமல் காக்கிறார்களே, அந்தக் கவனத்தில் ஒரு பங்கைத் தங்கள் கொட்டகையிலும் காட்டலாம். சினைப்படுத்திய பின் முதல் நான்கு வாரங்களில் தாய்ப்பன்றி வெக்கையில் வாடினால் கருக்கள் வயிற்றிலேயே அழியும். ஆகவே சித்திரை, வைகாசியில் சினைப்படுத்தும் பன்றிகளுக்குக் கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, நண்பகலில் உடம்பு நனையத் தண்ணீர் தெளித்து வாருங்கள்.